ஜீரோன்னா எந்த ஜீரோ?

கொல்லிமலைன்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் என்கிட்ட மூணே மூணு கேள்விதான் கேட்பாங்க. ஆகாய கங்கை போயிருக்கியா? எழுபது கொண்டை ஊசி வளைவுல வாந்தி வராதா? உங்க ஊர்ல சிக்னல் கிடைக்குமா? மூணுக்கும் இங்கேயே பதில் சொல்லிடறேன். போயிருக்கேன். சின்ன வயசுல வரும், இப்ப வராது. சில இடத்துல மட்டும் கிடைக்கும். மூணாவது பதிலை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

என் வீடு குண்டூர் நாட்டில். எங்க மலையில் ஊர்களை நாடு நாடாகத்தான் பிரிச்சிருக்காங்க: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, இப்படி. மலையின் மேல்பரப்பு கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரம். இந்த உயரம்தான் நான் செய்த ஒரு தப்பை எனக்கே காட்டிக்கொடுத்தது. அதைத்தான் எழுதப் போறேன். பிரஷர் டிரான்ஸ்மிட்டர் கேலிபரேஷன் பத்தின கட்டுரைதான், பயந்துடாதீங்க. சிலபஸ்ல இருக்கிறதை நான் திரும்ப எழுதப் போறதில்லை.

ரெண்டாம் வருஷம் முடிஞ்ச லீவில் இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்கு சமவெளியில் ஒரு சர்க்கரை ஆலைக்குப் போனேன். பேர் வேண்டாம். அரவை முடிஞ்சு ஆலை நின்றிருந்த நேரம். நின்ற ஆலையில் என்ன வேலைன்னு நினைக்காதீங்க. இன்ஸ்ட்ருமெண்ட் ரூமுக்கு அப்பத்தான் சீசனே. லைனில் இருக்கிற டிரான்ஸ்மிட்டரை எல்லாம் கழட்டி, கழுவி, ஒவ்வொன்றாக மேசைக்குக் கொண்டு வருவாங்க. அடுத்த சீசன் முழுக்க பாய்லர் ஆபரேட்டரும் பேன் ஆபரேட்டரும் கண்ணால் பார்க்க முடியாத எதையும் அது சொல்றதை வச்சுத்தான் நம்பணும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அங்கே காண்ட்ராக்டில் வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன் அண்ணன். அண்ணன்னே எழுதறேன். ஐடிஐ படிச்சவர். முதல் நாள் அவர் சொன்னது: "தம்பி, கழட்டிக் கொண்டு வந்ததும் கை அரிக்கும், உடனே சரி பண்ணணும்னு. பண்ணாத. முதல்ல அது எப்படி இருக்கோ அப்படியே எழுது." அதுக்குப் பேர் ஆஸ் ஃபவுண்ட். சரி பண்ணின பிறகு எழுதுறது ஆஸ் லெஃப்ட். கேலிபரேஷன் ஷீட்டில் ரெண்டு கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

வேலை இதுதான். டிரான்ஸ்மிட்டருக்குள் ஒரு மெல்லிய டையஃப்ரம் இருக்கு. அழுத்தம் வந்தா அது மயிரிழை அளவு வளையும். அந்த வளைவை சென்சார் மின் அளவாக்கி, 4 முதல் 20 மில்லியாம்ப் கரண்ட்டா கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும். ரேஞ்சின் அடிமட்டத்துக்கு 4, பாதிக்கு 12, உச்சத்துக்கு 20. ஏன் 0-லிருந்து தொடங்கலைன்னு வைவாவில் கேட்பாங்க, கேட்டிருப்பாங்க. ஒயர் அறுந்தா 0 வரும். அழுத்தம் இல்லைன்னாலும் 0 வந்தா ரெண்டையும் எப்படிப் பிரிப்பீங்க? "ஒண்ணும் இல்லை"ங்கிறது வேற, "எனக்குத் தெரியலை"ங்கிறது வேற. இதை அன்னைக்கு நான் மனப்பாடமாத்தான் வச்சிருந்தேன்.

மேசையில் ஒரு கை பம்ப், நம்பகமான ஒரு டிஜிட்டல் ரெஃபரன்ஸ் கேஜ், 24 வோல்ட் சப்ளை, மல்டிமீட்டர், செட்டிங் மாத்த ஒரு கம்யூனிகேட்டர். பம்பால் 0, 25, 50, 75, 100 சதவீதம்னு ஏத்தணும். ஒவ்வொரு இடத்திலும் ரெஃபரன்ஸ் என்ன சொல்லுது, டிரான்ஸ்மிட்டர் என்ன சொல்லுதுன்னு எழுதணும். அப்புறம் அதே படிகளில் இறங்கணும். இறங்கும்போது ஏறும்போது வந்த எண்ணே வராது. ஏறும்போது ஒரு பேச்சு, இறங்கும்போது ஒரு பேச்சு. அந்த வித்தியாசம்தான் ஹிஸ்டெரிசிஸ்.

ஒரு வாரத்தில் கை பழகிடுச்சு. காற்றுக்குத் திறந்து வை, 3 மில்லிபார், 5 மில்லிபார்னு காட்டும், எழுது, கம்யூனிகேட்டரில் ஜீரோ ட்ரிம் கொடு, 0 காட்டும், அஞ்சு பாயின்ட் ஏத்து இறக்கு, முடிஞ்சது, அடுத்தது.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாமக்கல்லில் மலைக்குப் போற பஸ்ஸைப் பிடிக்கணும், விட்டா அடுத்த நாள்தான். மேசையில் இன்னும் நிறைய மீதி. அண்ணன் வேற வேலையா பாய்லர் பக்கம் போயிட்டார். எட்டு முடிச்சிட்டேன். ஒன்பதாவதை எடுத்து, காற்றுக்குத் திறந்து வச்சேன். 984 மில்லிபார் காட்டுது. ரேஞ்சே 0 முதல் 1000 வரைதான்.

ஐயோ, செத்துப் போன டிரான்ஸ்மிட்டர் போலன்னு நினைச்சேன். கம்யூனிகேட்டரை எடுத்து ஜீரோ ட்ரிம் கொடுத்தேன். சில மாடல் இவ்வளவு பெரிய திருத்தத்தை ஏத்துக்காது, எரர் காட்டும். இது ஏத்துக்கிச்சு. 0 காட்டிச்சு. பம்ப் அடிச்சேன்: ரெஃபரன்ஸ் 250, இது 250. 500-க்கு 500. 1000-க்கு 1000. கரண்ட் 4.00, 8.00, 12.00, 16.00, 20.00. அன்னைக்குப் பார்த்ததிலேயே இவ்வளவு சுத்தமான டிரான்ஸ்மிட்டர் இதுதான்.

இப்ப ஆஸ் ஃபவுண்ட் கட்டம். அங்கே 984-ன்னு எழுதினா அண்ணன் வந்து நிறுத்துவார், கேட்பார், பஸ் போயிடும். நான் 3-ன்னு எழுதினேன்.

உங்களுக்கு இது புதுசு இல்லைன்னு எனக்குத் தெரியும். லேபில் கிராஃப் வளைஞ்சு வந்தா ரீடிங்கை நேராக்கிக்கிறதும், பக்கத்து பேட்ச் அப்சர்வேஷனைப் பார்த்து ரெக்கார்ட் நோட்டை நிரப்புறதும் நாம ரெண்டு வருஷமா பழகின கலை. சரியான விடை வர்றதுதான் எக்ஸ்பெரிமெண்ட்னு கை நம்பிடுச்சு. அந்த 3-ஐ எழுத என் கைக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரலை. அதுதான் இப்ப யோசிச்சா பயமா இருக்கு.

அண்ணன் வந்தார், ஷீட்டைப் புரட்டினார். "கை சுத்தம் தம்பி"ன்னு சொல்லி எல்லாத்துலயும் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தைப் போட்டார். நான் ஓடினேன்.

பஸ் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரம் வந்தாச்சு. அங்கிருந்துதான் வளைவுகள். என் போனில் பாரோமீட்டர் சென்சார் இருக்கு. அது பேர் என்னவோ பெருசா இருக்கும், ஆனா அதுவும் நகக்கண் அளவில் ஒரு பிரஷர் சென்சார்தான். மலை ஏறும்போது ஆப்பைத் திறந்து எண் குறையறதைப் பார்ப்பது எனக்குப் பழைய பொழுதுபோக்கு. காரவள்ளியில் 977. இருபதாவது வளைவு தாண்டியதும் காது அடைக்கும், எச்சில் முழுங்கினா விடும். முன் சீட்டில் ஒரு குழந்தை கையில் இருந்த சிப்ஸ் பாக்கெட் ஊதிக்கிட்டே வந்தது. பாக்கெட்டுக்குள்ள இருக்கிறது கீழ்க்காற்று. அது மாறலை, வெளியே அழுத்தம் குறையுது, அதனால உப்புது. சோளக்காடு வரும்போது 886.

அந்த ஆப் நாள் முழுக்க கிராஃப் போட்டு வைக்கும். சும்மா விரலால் பின்னாடி தள்ளிப் பார்த்தேன். மத்தியானம், ஆலையில் இருந்த நேரம்: 984.

அந்த எண்ணை எங்கேயோ பாத்திருக்கேனேன்னு ரெண்டு வளைவு யோசிச்சேன். புரிஞ்சதும் வயிறு கலங்கிச்சு, அது வளைவால் இல்லை.

அந்த டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போகவே இல்லை. அது அப்சல்யூட் டிரான்ஸ்மிட்டர். மத்த எட்டும் கேஜ் வகை. கேஜ்னா சுத்தி இருக்கிற காற்றை 0-ன்னு வச்சுக்கிட்டு அதுக்கு மேலே எவ்வளவுன்னு சொல்றது. நம்ம குக்கர் வெயிட்டும் அப்படித்தான், டயர் பிரஷரும் அப்படித்தான். அப்சல்யூட்டுக்கு 0-ங்கிறது காற்றே இல்லாத வெற்றிடம். அதைக் காற்றில் திறந்து வச்சா காற்றின் அழுத்தத்தைச் சொல்லும். 984-ன்னு சரியாத்தான் சொல்லிச்சு. மேசையில் இருந்ததிலேயே எனக்கு உண்மையான ஒரு சேதி சொன்னது அது ஒண்ணுதான். நான் அதன் வாயை அடைச்சுட்டு, என் ரெஃபரன்ஸ் கேஜ் பாடுற பாட்டையே பாட வச்சுட்டேன். ரெஃபரன்ஸும் கேஜ் வகை, அதனாலதான் அஞ்சு பாயின்ட்டும் அவ்வளவு அழகா ஒத்துப்போச்சு. நேம் பிளேட்டில் மில்லிபாருக்குப் பக்கத்தில் சின்னதா ஒரு 'ஏ' இருந்தது பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

அது எங்கே மாட்டப் போறதுன்னா வேக்குவம் பேனில். சர்க்கரைப் பாகைச் சாதாரணமாக் காய்ச்சினா நிறம் கருகும். அதனால காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைச்சு, 60, 65 டிகிரி பக்கத்திலேயே கொதிக்க வைப்பாங்க. எங்க மலையில் தண்ணி 96 டிகிரியிலேயே கொதிச்சுடுது இல்லையா, அதே கணக்குதான், இன்னும் ரொம்ப தூரம் போனது. பேனுக்குள் 130 மில்லிபார் இருக்கும்போது நான் கெடுத்த டிரான்ஸ்மிட்டர் மைனஸ் 854-ன்னு கணக்குப் போட்டு, கரண்ட் அடிமட்டத்தில் போய் ஒட்டிக்கும். வேக்குவம் ரொம்ப அதிகம்னு கண்ட்ரோலர் நினைக்கும், குறைக்கப் பார்க்கும். சீசன் முதல் நாளில் பாகு பாழாகும், நேரம் போகும், ஃபைலைத் திறப்பாங்க. ஷீட்டில் ரெண்டு கையெழுத்து. ஒண்ணு காலேஜுக்குத் திரும்பிப் போயிட்ட பையனுடையது. இன்னொண்ணு காண்ட்ராக்ட் ஆளுடையது.

சர்க்கரை ஆலையில் இதனால் உயிர் போயிருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததைத் தேடிப் படிச்சுப் பாருங்க. ஒரு கோபுரத்தில் திரவம் ஏறிக்கிட்டே இருக்கு. தப்பா கேலிபரேட் ஆகியிருந்த லெவல் டிரான்ஸ்மிட்டர் குறையுதுன்னு காட்டிக்கிட்டு இருந்தது. நிரம்பி வழிஞ்சு வெடிச்சதில் 15 பேர் செத்தாங்க, 180 பேருக்குக் காயம். காரணம் அது ஒண்ணு மட்டும் இல்லை. ஆனா அது சரியாச் சொல்லியிருந்தா யாராவது ஒருத்தர் வால்வைத் திறந்திருக்கலாம்.

வீட்டுக்குப் போனேன். சாமைச் சோறும் அவரைக் கொழம்பும். சாப்பிடப் பிடிக்கலை. அப்பா ரெண்டு தடவை பார்த்தார், மூணாவது தடவை கேட்டார். டிரான்ஸ்மிட்டர்னா என்னன்னு அவருக்குச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு. எல்லாம் கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணுதான்.

"அந்த அண்ணன் கையெழுத்தும் அதுல இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்ப போனைப் போடு."

வீட்டில் சிக்னல் கிடையாது. டார்ச் எடுத்துக்கிட்டு, மிளகுக்கொடி ஏத்தின மரங்களுக்கு நடுவே மேட்டுக்கு நடந்தோம். அங்கே ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்னா ரெண்டு கோடு வரும், ஒரு அடி தள்ளினா போயிடும். அப்பா டார்ச்சை அணைச்சுட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டார்.

திட்டுவார்னு தயாரா இருந்தேன். அப்சல்யூட்டை ஜீரோ பண்ணிட்டேன்னு சொன்னதும், "பெரிசு இல்ல, நானும் பண்ணியிருக்கேன்"னார். கொஞ்ச நேரம் பேசலை. கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் கேட்டார்: "ஆஸ் ஃபவுண்ட்ல 3-ன்னு இருந்துச்சே தம்பி. அது எங்க இருந்து வந்துச்சு?"

நான் பதில் சொல்லலை. "திங்கக்கிழமை ஆறு மணிக்கு வந்துடு"ன்னு வச்சுட்டார்.

திங்கள் காலை அவர் தனிப் பெட்டியில் இருந்த அப்சல்யூட் ரெஃபரன்ஸ் கேஜையும் ஒரு வேக்குவம் பம்பையும் எடுத்து வச்சிருந்தார். காற்றுக்குத் திறந்து வச்சோம். ரெஃபரன்ஸ் 986. டிரான்ஸ்மிட்டர் 2. அந்த 2 எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க: வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் காற்று மாறின அளவு அது. நான் 0-ன்னு ஆணி அடிச்ச இடம் ரெண்டு நாளில் நகர்ந்து போயிருந்தது. புது ஷீட்டில் ஆஸ் ஃபவுண்ட் கட்டத்தில் என்னையே எழுதச் சொன்னார். பிழை: மைனஸ் 984 மில்லிபார். என் கையெழுத்தில் அதைவிடப் பெரிய எண் எந்த ஷீட்டிலும் இல்லை.

பம்பால் காற்றை இறக்கி, கீழே ஒரு இடம், மேலே ஒரு இடம் ட்ரிம் பண்ணினோம். பிறகு 100, 300, 500, 700, 900. சைபரில் சோதிக்கவே முடியலை; முழு வெற்றிடம் எங்க பம்புக்கு எட்டாது. எட்டாத இடத்தை எட்டினதா எழுதலை. ஆஸ் லெஃப்ட் பிழைகள் 0.4, 0.6, மைனஸ் 0.3 என்று வந்தன. ஒரு இடத்தில்கூடச் சுத்தமா 0 வரலை. அண்ணனுக்கு அதில் சந்தோஷம். எல்லாமே 0-ன்னு வர்ற ஷீட்டைக் கண்டா அவருக்கு எப்பவுமே சந்தேகமாம். அப்புறம் ஏன் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டீங்கன்னு கேட்டேன். "உன் மூஞ்சியைப் பாத்து"ன்னார்.

பழைய ஷீட்டைக் கிழிச்சுடலாமான்னு கேட்டதுக்கு மட்டும் முறைச்சார். குறுக்கே ஒரே ஒரு கோடு, எண்கள் படிக்கத் தெரியணும், பக்கத்தில் தேதி, கையெழுத்து, காரணம். ரெண்டும் ஃபைலில் அடுத்தடுத்து இருக்கு. அந்த டிரான்ஸ்மிட்டர் போன வருஷத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருந்ததுங்கிற விவரம் மட்டும் போனது போனதுதான். ட்ரிம் பண்றதுக்கு முன்னாடி நான் அதை எழுதாததால் இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அன்னைக்கு டீ குடிக்கும்போது அண்ணன் கேட்டார், "உன் ரெஃபரன்ஸ் யாரை நம்புது?" அது ஒரு அங்கீகாரம் பெற்ற லேபை நம்புது, அந்த லேபின் கருவி இன்னும் மேலே ஒன்றை நம்புது, கடைசியில் புதுடெல்லியில் இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம். சங்கிலியில் ஒருத்தர் கற்பனையா 3-ன்னு எழுதினா அதுக்குக் கீழே எல்லாமே கதைதான். நம்ம காலேஜ் லேபில் இருக்கிற டெட் வெயிட் டெஸ்டரைத் திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தேன். எடை வச்சு அழுத்தம் உண்டாக்குற கருவி, அதைவிட நேர்மையானது எதுன்னு நினைப்போம். ஆனா எடைங்கிறது ஈர்ப்பை நம்பி இருக்கு. தர ஈர்ப்பு 9.80665, நம்ம பக்கம் சுமார் 9.78. எடைகள் தர ஈர்ப்புக்குச் செஞ்சதா இருந்து, நாம திருத்தாம விட்டா 0.27 சதவீதம் பிழை அங்கேயே வந்துடும். 0.1 சதவீதத் துல்லியமுள்ள டிரான்ஸ்மிட்டரை அதை வச்சு "சரி" பண்ணினா, சரியா இருந்ததைக் கெடுத்து அனுப்புவோம். நம்ம லேப் மேனுவலில் இந்தத் திருத்தம் ஒரு வரியாவது இருக்கான்னு நீங்களே பாருங்க.

இன்னொரு விஷயம் லைப்ரரியில் படிச்சது. பாஸ்கல்னு யூனிட் எழுதறோமே, அந்த பிளேஸ் பாஸ்கல் தன் அக்கா கணவர் ஃப்ளோரின் பெரியேவிடம் ஒரு வேலை கொடுத்தார். 1648 செப்டம்பர் 19, பிரான்ஸில் புய் தெ டோம் என்ற மலை. பாதரசக் குழாயைத் தூக்கிக்கிட்டு மேலே ஏறினார். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. மில்லிபாரில் நூத்துக்கு மேலே வரும். காரவள்ளியிலிருந்து எங்க ஊருக்கு என் போன் காட்டுறது 90 சொச்சம். ஆனா எனக்குப் பிடிச்சது அது இல்லை. அடிவாரத்தில் மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை அப்படியே வச்சு, ஒரு துறவியை நாள் முழுக்க அதைப் பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லியிருந்தாங்க. அது அசையலை. அதனாலதான் மேலே இறங்கினது மலையால், அன்றைய வானிலையால் இல்லைன்னு சொல்ல முடிஞ்சது. மலை ஏறினவர் பேர் எல்லா இடத்திலும் இருக்கு. தோட்டத்தில் உட்கார்ந்து மாறாத ஒரு எண்ணை நாள் முழுக்கப் பார்த்தவரை யாரும் பெருசாச் சொல்றதில்லை.

எனக்கும் அப்படி ஒருத்தன் வேணும்னு ரூம்மேட்டைப் பிடிச்சிருக்கேன். அவன் போனிலும் பாரோமீட்டர் இருக்கு. ரெண்டு போனையும் ஒரே மேசையில் வச்சா என்னுடையது 1.3 குறைவாக் காட்டுது. எது சரின்னு ரெண்டு பேருக்கும் தெரியாது, ஆனா வித்தியாசத்தை எழுதி வச்சாச்சு. அடுத்த லீவுக்கு நான் பஸ் ஏறும்போது அவன் ஹாஸ்டலில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒரு தடவை குறிச்சு வைக்கணும். கண்டிப்பா நடுவில் தூங்கிடுவான். தூங்கிட்டா அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடுடான்னு சொல்லியிருக்கேன்.